ஒரு காலுக்கு இரண்டு சாக்ஸ்

மலர்க்கொடி முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் மணல். அங்கங்கே கூழாங்கல், வழுக்கும் பாசி. மீன் பிடிக்கிறவர்கள் எப்படி நகர்வார்களோ அப்படியே அவளும் நகர்ந்தாள். கொஞ்சம் நடப்பது, நிற்பது, ஒரு காலை ஊன்றித் திரும்புவது, மறுபடி நடப்பது.

கையில் தூண்டில் இல்லை. அது கரையில் அப்பாவின் மடியில் இருந்தது.

"ஏம்மா, என் கல்யாணத்துக்கே நான் ஒரு ஜோடி சாக்ஸ்தான் போட்டேன். நீ கெண்டை மீனைப் பாக்க ரெண்டு ஜோடி போட்டுட்டு வந்திருக்க."

ஸ்தனிஸ்லாஸ் மாமா. அப்பாவோடு திருவெறும்பூரில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். வெறுங்காலோடு ஆற்றில் இறங்குகிறவர்.

அவள் அடுத்த அடியை ஊன்றினாள். அவளுக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச்சு வராது. அப்பாவும் சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் அவள் கால் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கொப்புளம் போதும். கடுகளவு வந்தாலும் தூண்டில் வீட்டை விட்டுப் போய்விடும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதுவரை அம்மா முடிவு செய்துவிட்டாள். அதை வாங்கப்போகிற காட்டூர் ஆள் இரண்டு முறை வந்து விசாரித்தும் போய்விட்டான்.

முதலில் பருத்தி சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும் போட்டுப் பார்த்தாள். பருத்தி தண்ணீரைக் குடித்துத் தொளதொளவென்று ஆகி விரல்களுக்கு அடியில் சுருண்டது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

ஆறும்வரை காத்திருந்தாள். அடுத்தது வார் வைத்த ரப்பர் செருப்பு. வாருக்கும் தோலுக்கும் நடுவில் மணல் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல் அன்றுதான் வீட்டுக்கு உதவியது.

உராய்வை ஒழிக்க முடியாது. அதை வேறு இடத்தில் நடக்க வைக்கலாம்.

உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ், தோலோடு ஒட்டிக்கொள்ளும்படி. அதன்மேல் கம்பளி கலந்த தடித்த சாக்ஸ். உரசுவதென்றால் அவை இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளட்டும். ஷூவில் பக்கவாட்டில் ஓட்டை, புகுந்த தண்ணீர் வெளியேற. வெளி சாக்ஸின் விளிம்பை ஷூவின் வாய்மேல் மடித்துவிட்டால் மணல் உள்ளே போகாது. குதிகால் எழும்பாதபடி கணுக்காலில் மட்டும் லேஸ் இறுக்கம்.

பாலக்கரைக் கடையில் இரண்டு சாக்ஸையும் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் ஷூவுக்கு அளவு பார்த்தாள். கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இப்போது குதிகாலைக் கவனித்தாள். சுண்டுவிரலைக் கவனித்தாள். எரிச்சல் இல்லை. எதிர்நீரில் நடந்து பார்த்தாள். கூழாங்கல்லில் நின்று பார்த்தாள். வெயில் முதுகில் ஏறியபோது கரைக்கு வந்தாள்.

அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். அவள் ஷூவைக் கழற்றினாள். வெளி சாக்ஸ் வந்தது. உள் சாக்ஸ் வந்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய பாதம். எங்கும் சிவப்பு இல்லை.

அப்பா குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். சுண்டுவிரலின் ஓரத்தை அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"நெசமாவா?"

"வலிச்சா சொல்ல மாட்டனாப்பா?"

அவள் பையிலிருந்து அதேபோல் இன்னும் இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்தாள், உலர்ந்தவை. தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டாள். பிறகு தான் கழற்றிய ஷூவை அவருக்குப் போட்டுவிட்டாள்.

இறுக்குகிறதா என்று கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை. சர்க்கரை வந்து அப்பாவின் பாதங்கள் மரத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் இதே ஆற்றில் வந்த கொப்புளம் அவருக்குத் தெரியவே இல்லை. துவைக்கப் போட்ட சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள். விரலை எடுக்காமல் தப்பியது டாக்டருக்கே ஆச்சரியம். இனிமேல் காலில் ஒரு கீறல் படாமல் ஆற்றில் இறங்க முடிந்தால் இறங்கட்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் மாமா கிட்டே வந்து நின்றார். கேலி போயிருந்தது.

"அதெப்படிய்யா அடைக்கலம், பொண்ணு போட்ட ஷூ உனக்கு இப்படிக் கச்சிதமா இருக்கு?"

"அது எங்காலுதான்யா," என்றார் அப்பா. "எம்பொண்ணுகிட்ட நல்லா இருக்கு."

அவர் எழுந்து தூண்டிலோடு தண்ணீரில் இறங்கினார். முதல் அடி மெதுவாக. அடுத்த அடி பழைய அப்பாவின் அடி.

மலர்க்கொடிக்கும் ஒன்பதாம் நம்பர் கால். அப்பாவின் அகலம், அப்பாவின் வளைந்த சுண்டுவிரல். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் மலர்க்கொடி விரல்களை மடக்கிப் பாதத்தைத் துணிக்குள் இழுத்துக்கொள்வாள்.

ஈர மணலில் அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் மாமா அவள் பாதங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பார்க்கட்டும் என்று அவள் நின்றாள்.