மயிலிறகு ஏலம்

ஏழைப் பறவைகளின் கண் சிகிச்சைக்கு நிதி திரட்ட, காக்கை போனிலேயே ஓர் ஆன்லைன் ஏலம் நடத்தியது. மயில் தன் உதிர்ந்த இறகு ஒன்றைக் கொடுத்துவிட்டு, தோகையை விரித்தபடி உட்கார்ந்திருந்தது.

கோழி கொடுத்த முட்டை பத்துப் படி நெல்லுக்குப் போனது. இறகை யாருமே கேட்கவில்லை. மயிலுக்கு முகம் சுண்டிப்போனது. புதருக்குப் பின்னால் போய், தன் போனில் 'தோகை ரசிகன்' என்ற பெயரில் இருபது படிக்குக் கேட்டது. அதுவும் போதாமல், 'அழகுதாசன்' என்ற பெயரில் முப்பது படிக்கு ஏற்றியது.

நெல் வந்து சேர்ந்ததும் மயில் ஒன்றும் தெரியாததுபோல் கேட்டது: "யாருங்க அந்த அழகுதாசன்?"

"தெரியலீங்க. விலாசம்கூடக் குடுக்கல." காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இறகு உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த மாச ஏலத்துக்கும் வேணும்."