மீதி ஒன்பது பாட்டு

பேச்சிமுத்துவின் பாடையைத் தூக்குவதற்கு முன் பையன்கள் அந்தச் சால்னா பாட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டார்கள். ஊரே ஆடித் தீர்த்த ராப் பாட்டு. உடம்பருகில் நின்ற இசக்கிக்குக் கூசியது. அவனும் பேச்சியும் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பத்தில் பத்துப் பாட்டு. அதில் இந்தச் சால்னா பாட்டைப் பதிவு செய்த அன்று பேச்சி மஞ்சள்காமாலையில் கிடந்ததால் இசக்கி தனியாகப் பாடினான். மீதி ஒன்பதும் பேச்சி எழுதிப் பாடியவை. அவற்றைக் கேட்க நாதியில்லை.

தலைமாட்டில் இருந்த பேச்சியின் அம்மா நிமிர்ந்தாள்.

"யய்யா இசக்கி, இதுல எம்புள்ள சத்தத்தையே காணுமே. அவன் படிச்சதுல ஒண்ணு போடச் சொல்லேன்."

"எதுக்கும்மா போடணும், நானே படிக்கேன்."

ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னான். அம்மாவின் உப்பளத்துக் கால்களைப் பற்றி பேச்சி எழுதிய பாட்டு. முதல் வரி கணீரென்று வந்தது. அடுத்த வரி வரவேயில்லை. ஆறு வருஷமாக எந்த மேடையிலும் சால்னாவைத் தவிர வேறெதையும் ஜனங்கள் அவர்களைப் பாடவிட்டதில்லை. கூட்டம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா குனிந்து மகனின் கன்னத்தை மெல்லத் தட்டினாள்.

"யய்யா, அடுத்த வரிய எடுத்துக் குடு. இசக்கி வரி தெரியாம முழிக்கான் பாரு."