சாட்சிக் கையெழுத்து

"ஒரு நாள் சம்பளத்தைத் தின்னுட்டியேலே!"

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அய்யம்மாள் ஓயவில்லை. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். தீபாவளி சீசனில் லீவு கேட்டால் போர்மேன் மூஞ்சியைப் பார்க்க முடியாது.

முன்னால் பையோடு நடந்தவன் தனுஷ்கோடி. கடன் கம்பெனிக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற ஏஜென்ட்.

"கொழுந்தன் பொண்டாட்டி மாரிசெல்விகிட்ட வீட்டுலயே கையெழுத்து வாங்கிட்டுப் போனேல்ல? எனக்கு மட்டும் எதுக்கு நோட்டரி?"

"நீங்க அவர் முன்னாலதான் போடணும்க்கா."

"கொழுந்தன் கருத்தப்பாண்டி வாங்குற கடனுக்கு நான் ஒரு சாட்சி. அதுக்கு இம்புட்டு அலைச்சலா? அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

"எங்கன கையெழுத்துன்னு காட்டுறதோட என் வேலை முடிஞ்சிரும். வெளக்கம் சொல்லக் கூடாதுன்னு கம்பெனி ஆர்டர்."

"நல்லா வளத்திருக்காக உன்னைய!"

நோட்டரி வக்கீல் சண்முகவேல் ஆதார் கார்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அய்யம்மாள் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எங்கன போடணும்? மத்தியானத்துக்காவது வேலைக்குப் போறேன்."

"பொறும்மா. வாசிக்கத் தெரியுமா?"

"பேரு எழுதத் தெரியும்."

"அப்போ நான் வாசிச்சுக் காட்டாம முத்திரை குத்த முடியாது."

வாசித்தார். பாதியில் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஜாமீனா? சாட்சின்னுல்ல கொழுந்தன் சொன்னான்?"

"சாட்சின்னா கண்ணால பார்த்தேன்னு போடுறது. ஜாமீன்னா, அவர் கட்டலேன்னா நீ கட்டுறது. இல்லேன்னா உன் வீட்டு மேல கை வைப்பாங்க."

இருபது வருஷம் திரி வைத்துக் கட்டிய வீடு.

அய்யம்மாள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"போட மாட்டேன். செத்த மாமனாரே எந்திரிச்சு வந்து கேட்டாலும் போட மாட்டேன்."

வாசலில் தனுஷ்கோடிக்குப் போனில் வசவு விழுந்துகொண்டிருந்தது. "இல்ல சார்... இந்தக்காவும் மாட்டேன்னுட்டாக சார்..."

"நல்லா வேணும் அவனுக்கு! ஏமாத்திக் கையெழுத்து வாங்கப் பார்த்தான். நீங்கதான் அய்யா என் வீட்டைக் காப்பாத்துனீக." கையெடுத்துக் கும்பிட்டாள்.

சண்முகவேல் முத்திரையை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"வாசல்ல திட்டு வாங்குறானே, அவனைக் கும்பிடு. இந்தப் பேப்பருக்கு நோட்டரியே தேவையில்லம்மா."