மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

இப்படி நெருங்கி உட்காருங்க. எஞ்சின் சத்தத்தைப் பத்தின கதை. தள்ளி உட்கார்ந்தா பாதிதான் கேட்கும்.

நெல்லிக்குப்பத்துல ராஜமாணிக்கம், எழிலன்னு அண்ணன் தம்பி. கரும்புக் காட்டைப் பிரிச்சாங்க, வீட்டைப் பிரிச்சாங்க. அப்பா வச்சிருந்த பழைய ஆறு சிலிண்டர் காரை மட்டும் பிரிக்க முடியல. கடைசியில பாகப்பத்திரத்துல இப்படி எழுதினாங்க: முன்னாடி மூணு சிலிண்டர்ல கோளாறுன்னா அண்ணன் பொறுப்பு, பின்னாடி மூணுன்னா தம்பி பொறுப்பு.

அதுக்கப்புறம் நாலு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை.

அந்த மார்கழியில கார் 'டொக் டொக்'னு இடிக்க ஆரம்பிச்சது. அம்மா தில்லையம்மாளுக்கோ ஒரே பிடிவாதம்.

"ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போவணும். அந்தக் கார்லதான். நீங்க ரெண்டு பேரும் ஏறுனாத்தான் நானும் ஏறுவேன்."

காரை மெக்கானிக் அய்யனார் கடையில கொண்டாந்து நிறுத்தினாங்க.

"ஒவ்வொரு பிளக் வயரா கழட்டுவேன். எதைக் கழட்டும்போது சத்தம் அடங்குதோ, அந்தச் சிலிண்டர்லதான் கோளாறு" என்ற அய்யனார், நீளமான ஸ்குரு டிரைவரை எஞ்சின் மேல ஊன்றி, பிடியைக் காதுல வச்சுக்கிட்டார்.

"அய்யனாரு, மேட்டுல வண்டிய முக்க முக்க ஏத்துனது யாருன்னு கேளு" என்றார் அண்ணன், வேற பக்கம் பார்த்துக்கிட்டு.

"ஆயில் ஊத்தாம ஓட்டுனது யாருன்னு நீங்களும் கேளுங்கண்ணே" என்றார் தம்பி, அய்யனாரைப் பார்த்து.

"அய்யனாரு, கேளுன்னா கேளு!"

"அய்யனாரண்ணே, நீங்க மொதல்ல கேளுங்க!"

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வயரைக் கழட்டிக் கழட்டி மாட்டினார் அய்யனார். இவங்க கத்தின கத்துல எஞ்சின் சத்தம் எங்கே காதுல விழும்?

ஆறும் முடிஞ்சு, அய்யனார் எஞ்சினை நிறுத்தினார்.

"யாரு பங்கு?" ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டாங்க.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. கிராங்க்கை, அதான் எஞ்சினுக்குள்ள சுத்துற தண்டைத் தாங்குற பேரிங். ஆளுக்குப் பாதி. எஞ்சினை எறக்கி, கிராங்க்கைக் கடலூருக்குக் கொண்டுபோயி கடைஞ்சிட்டு வரணும். எனக்கு இடுப்புப் பிடிப்பு. நீங்கதான் ஆளுக்கொரு முனை தூக்கணும்."

எதிர்க்கடை மெக்கானிக் பழனிவேல் டீக்கடையில சிரிச்சான். "கீழ படுத்து ஒரு பேரிங்கை மாத்துனா முடிஞ்சது. நம்ம அய்யனார் மாமா எஞ்சினையே எறக்கிட்டாரு. பெரிய இடம் சிக்கிடிச்சில்ல, கறக்கட்டும்!"

ஊரும் அதையே பேசிச்சு.

கடலூர்ல லேத்துல கிராங்க்கை மாட்டினாங்களோ இல்லையோ, கரண்ட் போச்சு. அந்த வருசம் அப்படித்தான், போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. உட்கார ஒரே ஒரு பெஞ்சு. இந்த முனையில அண்ணன், அந்த முனையில தம்பி.

ஒரு மணி நேரம் போச்சு.

"வெயில் உன் மேல விழுவுது. இப்படித் தள்ளி உக்காரு" என்றார் அண்ணன்.

தம்பி தள்ளி உட்கார்ந்தார். கொஞ்சம் கழிச்சு, "அப்பா இந்தக் காரை வாங்கிட்டு வந்த அன்னிக்கே கரும்பு வண்டியில இடிச்சாரே, ஞாபகம் இருக்குதாண்ணே?"

"இடிச்சிட்டு மாட்டைத் திட்டுனாருடா!"

கரண்ட் வந்து மெஷின் ஓட ஆரம்பிச்சதை ரெண்டு பேருமே கவனிக்கல.

ஆருத்ரா அன்னிக்குக் காலையில எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடிச்சு.

"கூலி என்ன அய்யனாரு?"

"ஒரு பேரிங் மாத்துன கூலி போதுங்க."

"எஞ்சினையே எறக்கி ஏத்துனியே?"

"தூக்குனது நீங்கதானே!"

"கதை அப்புறம் பேசலாம், கதவைச் சாத்துங்கடா" என்றார் பின் சீட்டிலிருந்து தில்லையம்மாள். அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்துல உட்கார, கார் சிதம்பரம் ரோட்டைப் பிடிச்சது.

பழனிவேல் ரோட்டைத் தாண்டி வந்தான். "மாமா, அன்னிக்கு அஞ்சாவது வயரைக் கழட்டுனதும் சத்தம் நின்னுது. அவுங்க கத்தலுக்கு நடுவுலயும் என் கடைக்கே தெரிஞ்சுது. அது தம்பி பங்குதானே?"

"எனக்குந்தான் தெரிஞ்சுது" என்றார் அய்யனார்.

சட்டைப்பையிலிருந்து தேஞ்ச பேரிங் ஒண்ணை எடுத்தார். அதன் முதுகுல, எத்தனாவது சிலிண்டரோடதுன்னு தெரிய உளியால போட்ட அஞ்சு கோடு. கட்டைவிரலால ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, பழைய ஆயில் டப்பாக்குள்ள நழுவ விட்டார்.