ஆறாவது வெள்ளை உடை

உள்ளே அழைத்து வந்தது ஐந்து மாணவர்களை. மஞ்சள் விளக்கின் கீழே ஆறு பேர் நின்றார்கள்.

பேராசிரியை மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஆறுதான்.

தூசு புகக்கூடாத ஆய்வுக்கூடம் அது. உச்சந்தலை முதல் பாதம் வரை வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி, கையுறை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது.

அடி தாங்காமல் அவள் பிரிந்து வந்த கணவன் அவளுடைய புது விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று முந்தின நாள்தான் அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

அவனும் இப்படியோர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். இந்த உடையை மாட்டிக்கொள்ள அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறாவது ஆளுக்கும் அவன் உயரம்தான். கதவை ஒட்டி நின்றிருந்தான்.

நானோ தொழில்நுட்பத்தின் முதல் வகுப்பு. எப்படியோ தொடங்கினாள். சிவப்பு நீர் நிறைந்த சிறு குப்பியைத் தூக்கிக் காட்டி, இது தங்கம் என்றாள். கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டால் தங்கம் தன் நிறத்தையே விட்டுவிடும்.

குப்பியை மேசைமேல் வைத்தாள்.

குரலைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒவ்வொருவரும் என்ன படித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டாள்.

இயந்திரவியல். தாவரவியல். வேதியியல். இயற்பியல்.

"சிவில், மேடம். வீடு கட்டப் படிச்சவன். இங்க என்னை ஏன் சேத்தாங்கன்னு இன்னும் புரியல."

எல்லாரும் சிரித்தார்கள். ஆறாவது ஆள் வாயே திறக்கவில்லை. ஓரடி முன்னால் வந்தான்.

காற்றைச் சுத்தம் செய்யும் விசிறிகள் போடுகிற இரைச்சலில் கத்தினாலும் வெளியே கேட்காது. கையில் என்ன வைத்திருக்கிறானோ.

ஐந்து பேரையும் கடைசி மேசையிலிருந்த நுண்ணோக்கியைப் பார்க்க அனுப்பினாள். தான் மட்டும் நகராமல் நின்றாள்.

அந்த உருவம் நெருங்கி வந்து அவள் காதருகே குனிந்தது.

பெண் குரல்.

"மேடம், நான் கேட் செக்யூரிட்டி. காலைல போட்டோ காட்டினீங்களே, அந்த ஆளு பின்பக்கச் சுவரேறி வந்து வெளிய வராண்டாவுல நிக்கறான். போலீசுக்குச் சொல்லியாச்சு. புள்ளைங்க மிரளாம நீங்க பாட்டுக்குப் பாடம் நடத்துங்க, கதவை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கதவில் முதுகை அழுத்திக்கொண்டாள்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகும்வரை, சாப்பாட்டு நேரம் தாண்டியும் பாடம் நடந்தது.

நானோ என்று வந்துவிட்டால் நம்ம மேடத்துக்குச் சோறு தண்ணி நினைவே இருக்காது என்று மாணவர்கள் கேன்டீனில் சொல்லிச் சிரித்தார்கள்.