சக்களத்தித் தகடு

இரண்டாம் தாரமாக வந்தவள் என்பதால், மூத்தாளின் ஆவி தீங்கு செய்யாதிருக்க, சுகனாவின் கழுத்தில் வெள்ளித் தகடு தொங்கியது. அதில் இருந்தது செத்துப்போன மூத்தாள் மோவனியின் உருவம். முதல் கவளம் அதற்குக் காட்டிய பிறகுதான் சாப்பிடுவாள். அப்படியும் கணவன் தேவாராமுக்குப் படுக்கையில் ஒன்றும் முடியவில்லை.

"மலடி! செத்தும் என் மகனைக் கட்டிப் போட்டிருக்கா" என்றாள் மாமியார்.

கடைசியில் ஜோத்பூர் டாக்டரிடம் போனார்கள்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கு. அதைக் கட்டுப்படுத்துங்க. இதயத்தைச் சோதிச்சிட்டு மாத்திரை தரேன். கேக்கலேன்னா ஊசி இருக்கு. எப்ப இருந்து இப்படி?"

தேவாராம் தரையைப் பார்த்தான்.

"மோவனியக் கட்டினதுலேருந்தே."

வெளியே வந்ததும் சுகனா கேட்டாள்.

"அக்கா ஏங்க கிணத்துல விழுந்தாங்க?"

"ஊரே மலடின்னு ஏசிச்சு."

"நீங்க?"

"நானும்தான்."

சுகனா தகட்டைக் கழற்றி அவன் கழுத்தில் கட்டினாள்.

"அக்கா என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இனிமே இதை நீங்க போட்டுக்குங்க."