பசைக் கூடத்தில் மூச்சுப் பயிற்சி
ஷ்டிப் ஊர் ஷூ தொழிற்சாலையின் பசைக் கூடத்தில் இருபது பெண்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். மன அழுத்தம் குறையப் பயிற்சியாம். சாப்பாட்டு இடைவேளையை அதற்கே பிடுங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான ட்ராயங்காவின் மடியில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம். திறந்து கிடக்கும் பசை டப்பாக்களின் நெடி மூடிய கண்ணையும் கரிக்கிறது. "மூச்சை நல்லா ஆழமா இழுங்க," என்கிறாள் தலைநகரத்திலிருந்து வந்த பயிற்சியாளர் பில்யானா. "இழுத்து இழுத்துத்தான் டீச்சரம்மா, மூணு பேர் ஆஸ்பத்திரியில கெடக்கறாளுங்க," என்கிறாள் ட்ராயங்கா. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பில்யானா தானே இழுத்துக் காட்டுகிறாள். இருமல் பிடித்துக்கொள்கிறது. கண்ணில் நீர் வழிய ஜன்னலுக்கு ஓடிக் கொக்கியை இழுக்கிறாள். தூசி பட்டால் ஷூவுக்கான தோல் கெடுமென்று முதலாளி ஜன்னலில் அடித்த ஆணிகள் அசைய மறுக்கின்றன. அவற்றைப் பிடுங்கச் சொல்லி மூன்று மாதமாகக் கெஞ்சிய ட்ராயங்கா இடத்தைவிட்டு எழவில்லை. "அது தெறக்காது டீச்சரம்மா. வந்து உக்காருங்க. கண்ண மூடுங்க. நல்லா ஆழமா இழுங்க."